குதிப்பது 21 ஃபிரேம்தான், தம்பி

கேள்வி: வணக்கம் மாஸ்டர். ஆண்டிபட்டி பக்கத்தில் 18 லட்ச ரூபாயில் ஒரு படம் தொடங்கப்போகிறோம். இயக்குநராக எனக்கு முதல் படம். மூன்று இடத்தில் ஆக்‌ஷன் வருகிறது. கதாநாயகன் மொட்டை மாடியிலிருந்து வைக்கோல் போரில் குதிக்க வேண்டும், உயரம் சுமார் 12 அடி. பைக்கில் தப்பிக்கும்போது ஒரு வேன் வந்து அடிக்க வேண்டும். கடைசியில் வில்லன் ஆட்கள் குடிசைக்குத் தீ வைக்க, கதாநாயகி உள்ளே மாட்டிக்கொள்கிறாள். ஃபைட் மாஸ்டருக்கும் டூப்புக்கும் பட்ஜெட்டில் இடமில்லை. ஹீரோ கிணற்றில் குதித்து வளர்ந்த பையன், எல்லாவற்றையும் தானே செய்கிறேன் என்கிறான். வேன் காட்சியை விடியற்காலையில் பைபாஸில் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று கேமராமேன் சொல்கிறார். குறைந்த செலவில் பாதுகாப்பாக எடுக்க வழி சொல்லுங்கள். குடிசைக்குள் ஒரு ஆட்டுக்குட்டியும் இருக்கிறது.

பதில்: தம்பி, மூன்று காட்சியையும் உங்கள் பட்ஜெட்டுக்குள் எடுக்கலாம். ஆனால் ஒன்றைக்கூட நீங்கள் நினைத்திருக்கிற மாதிரி ஒரே ஷாட்டில் எடுக்கக்கூடாது. கோடிக்கணக்கில் செலவு செய்கிற கம்பெனிகளும் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுகிறவர்கள்தான். உங்களிடம் காசு கம்மி என்பதால் துண்டுகளை இன்னும் சின்னதாகப் போட வேண்டியிருக்கும். எந்தத் துண்டிலும் ஆபத்து முழுதாக இருக்கக்கூடாது. எடிட்டிங் ரூமில் யாருக்கும் கால் உடையாது.

முதலில் அந்தக் குதி. 12 அடியிலிருந்து விழுகிற ஆள் தரையைத் தொடும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். விழுவதற்கு ஆகும் நேரம் ஒரு செகண்டுக்கும் குறைவு; செகண்டுக்கு 24 ஃபிரேம் கணக்கில் சுமார் 21 ஃபிரேம். தியேட்டரில் இருக்கிறவர் அந்த நேரத்தில் ஹீரோ முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க மாட்டார். சட்டை நிறம் தெரியும், கை கால் ஆடுவது தெரியும், அவ்வளவுதான். அந்த 21 ஃபிரேமுக்கு ஹீரோவின் முதுகெலும்பு தேவையே இல்லை.

கிணற்றில் குதித்து வளர்ந்தவன் என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் கிணற்றில் குதிக்கிறவன் தனக்குத் தோன்றும்போது குதிக்கிறான். தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, எந்தப் பக்கம் பாறை என்று அவனுக்குத் தெரியும். ஷூட்டிங்கில் நீங்கள் 'ஆக்‌ஷன்' சொன்னதும் குதிக்க வேண்டும். வேட்டியும் செருப்புமாகக் குதிக்க வேண்டும். ஃபோகஸ் போய்விட்டது என்று ஒரு தடவை, ஓரத்தில் நின்றவர் கேமராவைப் பார்த்துவிட்டார் என்று இன்னொரு தடவை குதிக்க வேண்டும். 2016 நவம்பரில் பெங்களூரு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் ஒரு கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து மூன்று நடிகர்கள் குதித்தார்கள். கதாநாயகன் கரை சேர்ந்தார். மற்ற இருவரும் மூழ்கிப்போனார்கள். அவர்கள் நீச்சலில் தேர்ந்தவர்களும் இல்லை. அவர்களும் 'செய்துவிடுகிறேன்' என்று சொன்னவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். புது நடிகர் மாட்டேன் என்று சொல்லவே மாட்டார், தம்பி. வாய்ப்பு போய்விடும் என்ற பயம். அதனால் அவர் சம்மதித்தார் என்பதை ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் வைக்கோல் போர். பார்த்தால் மெத்தை மாதிரி இருக்கும். மேய்ந்து, மழையில் நனைந்து, காய்ந்து அமுங்கிய போர் பலகை மாதிரி இறுகியிருக்கும். உள்ளே நடுக்கம்பு இருக்கலாம், யாராவது செருகி வைத்த கவைக்கோல் இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். புதிதாக உதிர்த்த வைக்கோலாக இருந்தாலும் முதல் ஆள் விழுந்ததும் பாதியாக அமுங்கிவிடும். இரண்டாவது டேக்கில் அதே வைக்கோல் இரண்டு பங்கு கடினம். ஆகவே படத்தில் தெரிவது வைக்கோலாக இருக்கட்டும், ஆளைத் தாங்குவது வேறொன்றாக இருக்கட்டும்.

நான் எடுப்பதாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். ஹீரோ மாடியில் ஓடி வருகிறான். கைப்பிடிச் சுவருக்கு நாலு எட்டு முன்னாலேயே நின்றுவிடுகிறான், அங்கே கட். அடுத்து, அவன் சுவரைத் தாண்டுவது. இதை மாடியிலேயே எடுக்காதீர்கள். மாடிச் சுவரின் அதே நிறத்தில், அதே பூச்சுள்ள ஒரு 4 அடி காம்பவுண்டுச் சுவரைத் தரையில் தேடுங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள். கேமராவை மண்ணோடு மண்ணாக வைத்து அண்ணாந்து பார்த்தால் பின்னால் வானம் மட்டும்தான் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் மெத்தை. பையன் தாண்டுவது 4 அடி, படத்தில் 12 அடி.

மெத்தைக்கு அலைய வேண்டாம். பக்கத்துக் கல்லூரி எதிலாவது ஹைஜம்ப்புக்கு வைத்திருக்கிற பெரிய ஃபோம் மெத்தை இருக்கும். உடற்கல்வி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், டைட்டிலில் நன்றி போடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அட்டைப்பெட்டி. டிவி, மிக்ஸி விற்கிற கடைகளில் சொல்லி வைத்தால் சேர்த்துத் தருவார்கள். ஒரே அளவுப் பெட்டிகளாக இருக்க வேண்டும், உள்ளே காலியாக இருக்க வேண்டும், பின் அடித்த பெட்டி ஆகாது. சுற்றிச் சுற்றி டேப் ஒட்டி இறுக்கிவிடாதீர்கள். ஆள் விழும்போது பெட்டி நசுங்கிக் காற்று வெளியே போக வேண்டும், அதுதான் அடியை வாங்குகிறது. இரண்டு அடுக்கு அடுக்கி, சிதறாமல் இருக்க மொத்தத்தையும் கயிற்றால் சுற்றிக் கட்டி, மேலே பழைய மெத்தை போட்டு, அதற்கும் மேலே வைக்கோலைத் தூவுங்கள். விழுகிற இடத்தைவிட நாலு பக்கமும் தாராளமாக நீளட்டும். நசுங்கிய பெட்டியை ஒவ்வொரு தடவையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும், 'இன்னும் ஒரு டேக் தாங்கும்' என்ற பேச்சே கூடாது. இந்தப் பெட்டிக் கணக்கை நம்பி மாடிக்கு ஏறிவிடாதீர்கள். உங்கள் மாதிரிக் குழுவுக்கு இது 4 அடிக்கு மட்டும்தான்.

முழு உயரமும் தெரிகிற வைட் ஷாட் வேண்டுமா? பொம்மை. அதே சட்டை, அதே வேட்டி. உள்ளே பழந்துணி, இடுப்புப் பக்கம் கொஞ்சம் மணல் மூட்டை. பாரம் இல்லாவிட்டால் காற்றில் காகிதம் மாதிரி அலையும், பார்க்கிறவர் சிரித்துவிடுவார். கீழே யாரும் நிற்கக்கூடாது. 10 கிலோ பொம்மை தலையில் விழுந்தாலும் கழுத்து போகும். கடைசியாக விழுகிற ஷாட். காலி வைக்கோலில் ஃபிரேம் வைத்து, ஓரத்தில் 2 அடி பெஞ்சில் ஹீரோவை நிறுத்தி, முதுகுப் பக்கமாகச் சாய்ந்து ஃபிரேமுக்குள் விழச் சொல்லுங்கள். காலை ஊன்றிக் குதிக்க விடாதீர்கள். மெத்தென்ற இடத்தில் கால் புதையும்போது மடங்குகிற முழங்கால் நேராகத் தாடைக்கு வரும், பல்லும் நாக்கும் போகும். நடுவில் திண்ணையில் வெற்றிலை இடிக்கிற கிழவி கையை நிறுத்தி அண்ணாந்து பார்க்கட்டும். அந்த ஒரு ஷாட் உங்கள் 12 அடியை 20 அடி ஆக்கும்.

வேட்டி ஒரு வில்லங்கம், ஒரு வசதி. ஓடும்போதும் தாண்டும்போதும் காலில் சுற்றும். அதனால் நடுவில் தையல் போட்டு, உள்ளே டிராயரோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். ஆனால் முழங்கால் பேடு, இடுப்புப் பேடு எல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஜீன்ஸ் போட்ட ஹீரோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இனி வேன். கேமராமேனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், பைபாஸ் கிடையாது. 2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்னப் படக்குழு ரயில்வே கம்பெனி அனுமதி தராத பாலத்தில் ஏறிப் படம் பிடித்தது. ரயில் வந்தது. 27 வயது கேமரா உதவியாளர் இறந்தார். இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். பைபாஸில் காலை 4 மணிக்கு வருவது யார்? ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிய லாரி டிரைவர். நடுரோட்டில் ஒருவன் விழுந்து கிடந்து நடிக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் ஊரைச் சுற்றி மனை போட்டு விற்காமல் கிடக்கிற லேஅவுட் எத்தனையோ இருக்கும். தார் ரோடு போட்டிருப்பார்கள், ஓரத்தில் கல் நட்டிருப்பார்கள், ஒரு வீடுகூட இருக்காது. ஓனரிடம் எழுதி வாங்குங்கள், போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு கடிதம் கொடுங்கள். இரண்டு முனையிலும் கயிறு கட்டி ஆள் நிறுத்தினால் உங்கள் சொந்த ரோடு. புளியமரம் இல்லையே என்பீர்கள். கிளையை வெட்டி ஃபிரேம் மூலையில் பிடியுங்கள்.

அடிக்கிற ஷாட்டை ரிவர்ஸில் எடுங்கள். வேனின் பம்பர் ஹீரோவுக்கு ஒரு முழம் தூரத்தில், எஞ்சின் ஆஃப் ஆகி நிற்கிறது. ஹீரோ திரும்பி அதிர்ச்சியாகப் பார்த்த முகத்தோடு தொடங்குகிறார். டிரைவர் ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் கியரில் மட்டும் பின்னால் போகிறார். எடிட்டில் திருப்பிப் போட்டால் வேன் பாய்ந்து வந்து முகத்துக்கு முன்னால் நிற்கும். கிளம்பும்போது தப்பித் தவறிக்கூட முதல் கியர் விழுந்துவிடக்கூடாது. அதனால் டிரைவர் ரிவர்ஸ் போட்டதை பக்கத்தில் ஒருவர் கண்ணால் பார்த்துக் கை காட்டின பிறகே ஹீரோ அந்த இடத்துக்குள் வர வேண்டும். வேனுக்குப் பின்னால் ஈ காக்கை இருக்கக்கூடாது. புழுதி, புகை, பின்னால் நடக்கிற ஆள், எல்லாமே எடிட்டில் தலைகீழாகப் போகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேன் பைக்கைத் துரத்துகிற ஷாட்டுகளுக்கு நீளமான லென்ஸ் போட்டு தூரத்திலிருந்து எடுங்கள். 135 மி.மீ., 200 மி.மீ. லென்ஸில் முன்னால் போகிற பைக்கும் 40 அடி பின்னால் வருகிற வேனும் ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி தெரியும். வேகம் 30-ஐத் தாண்ட வேண்டாம். கேமராவைச் செகண்டுக்கு 18 ஃபிரேமில் ஓட்டி 24-இல் காட்டினால் 30 கிலோமீட்டர் 40 மாதிரி இருக்கும். இன்னும் கீழே இறங்கினால் பழைய மௌனப்படம் ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் இடிக்கிற சக்தி நாலு மடங்கு. பார்க்கிறவருக்கோ இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மோதின பிறகு என்ன நடந்தது என்பதைச் சத்தத்தில் சொல்லுங்கள். உருண்டு போகிற ஒரு செருப்பு, சாய்ந்து கிடக்கிற பைக்கின் சுற்றுகிற சக்கரம், ரோட்டில் முழங்காலிட்ட நிலையிலிருந்து ஹீரோ இரண்டு உருளல். போதும்.

வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றிப் பறக்கவிடுவது, உருட்டுவது என்று யாராவது ஆசை காட்டினால் காதிலேயே வாங்காதீர்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் காரை ஏற்றி உருட்டுகிற ஷாட்டில் இறந்தவர் எங்கள் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். இயக்குநர் உட்படச் சிலர் மேல் வழக்கு பதிவானது. அதற்கு முந்தின வருஷம் ஜூலையில் சென்னையில் 20 அடியிலிருந்து விழுந்து ஒருவர் போனார். 2022 டிசம்பரில் ரோப் அறுந்து ஒருவர் போனார், அதுவும் 20 அடி அளவுதான். மாஸ்டர், ரோப், கிரேன், அனுபவம் எல்லாம் இருந்த இடத்தில் நடந்தவை இவை. இவற்றில் எதுவுமே இல்லாத இடத்தில் நிற்கிறீர்கள் நீங்கள். கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் 5 வருஷம் வரை சிறை. ஆர்ட்டிஸ்டிடம் 'என் சொந்தப் பொறுப்பில் செய்கிறேன்' என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கிற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதம் உங்களை எந்தக் கோர்ட்டிலும் காப்பாற்றாது.

தீ விஷயத்தில் பேச்சே சுருக்கம்தான். எரிகிற குடிசைக்குள் ஆள் இருக்கக்கூடாது, ஒரு செகண்டுகூட. தென்னங்கீற்று பற்றினால் நிமிஷக் கணக்கில் கூரை கீழே வரும். அதற்கு முன்பே புகை ஆளை மயக்கிவிடும். வெட்டவெளியில் ஆளில்லாத குடிசையை, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் கேட்கிறபடி செய்து, தண்ணீர் டேங்கர் பக்கத்தில் நிற்க, காற்று இல்லாத நேரத்தில் தூரத்திலிருந்து எரியுங்கள். கதாநாயகியை வேறொரு நாள், கீற்றுத்தடுப்பு ஒன்றின் முன்னால் நிறுத்தி ஆரஞ்சு லைட்டை ஆட்டி, புகை மெஷின் வைத்து எடுங்கள். டயர் கொளுத்திப் புகை போடுகிற பழைய வழக்கம் வேண்டாம், மூச்சுக்குக் கேடு. அன்றைக்கு அவர் பருத்திச் சேலை கட்டட்டும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். பெட்ரோல் கேன் செட் பக்கமே வரக்கூடாது. அதில் எரிவது ஆவி, நீங்கள் ஊற்றிய இடத்தைவிட உங்கள் காலடிக்குத்தான் முதலில் வரும்.

சண்டைக் காட்சி பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. நாலு குத்து, அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டீர்கள் போல. 1982 ஜூலையில் பெங்களூரில் ஒரு சாதாரணக் கைகலப்புக் காட்சியில்தான் மேசை முனை வயிற்றில் பட்டு அமிதாப் பச்சன் உயிருக்குப் போராடினார். குத்துகிற கை முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போகட்டும். கேமரா முதுகுக்குப் பின்னால் இருந்தால் இடைவெளி தெரியாது. மேசை, திண்ணை, அம்மிக்கல், முனை உள்ள எதுவாக இருந்தாலும் நகர்த்துங்கள் அல்லது ஃபோம் ஒட்டுங்கள். முதலில் நடை வேகத்தில், அப்புறம் பாதி வேகத்தில், அதே செருப்பு அதே உடையில் ஒத்திகை. வலித்தால் 'அய்யோ' என்று கத்தினால் நடிப்பு என்று நினைத்துவிடுவார்கள். அதனால் காட்சியில் இல்லாத ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால், டீ கொடுக்கிற பையன் சொன்னாலும், எல்லாம் அப்படியே நிற்க வேண்டும்.

ஒன்று நம்மவர்களிடம் மாறவே மாறாது. யாராவது விழுந்தால் நாலு பேர் ஓடிப்போய்க் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். கழுத்தில் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலிலேயே கை கால் போய்விடும். விழுந்தவர் தானாகக் கட்டை விரலைக் காட்டும்வரை யாரும் தூக்கி நிறுத்தக்கூடாது. தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றை அந்த நாளுக்கு வாடகைக்கு நிறுத்துங்கள், 108-ஐ நம்பி ஷூட்டிங் வைக்காதீர்கள். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. லொகேஷனிலிருந்து எந்த வழி, எத்தனை நிமிஷம் என்று டிரைவர் முந்தின நாளே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஸ்டன்ட்டுக்குப் பணம் உண்டா என்று வாயால் கேட்காமல் பாலிசியில் படித்துப் பாருங்கள். ஆபத்தான வேலைகளைக் கழித்துவிட்ட பாலிசிகள் நிறைய.

பணம் இல்லை என்றீர்களே. மாஸ்டர் உங்களுக்கு 30 நாளும் தேவையில்லை. குதி, வேன், சண்டை மூன்றிலும் உடம்பு சம்பந்தப்பட்ட துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒரே நாளில் போடுங்கள். பெரிய மாஸ்டர்களிடம் உதவியாளராக இருந்து, தனிப் படத்துக்குக் காத்திருக்கிற ஸ்டன்ட் சங்க உறுப்பினர் யாராவது நியாயமான சம்பளத்துக்கு வருவார். ஷாட் பட்டியலை முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். அவர் வேண்டாம் என்று அடித்த ஷாட்டை ஸ்பாட்டில் திரும்பக் கேட்காதீர்கள். ட்ரோன் வாடகைக்கு இரண்டு நாள் போட்டிருப்பீர்கள், ஒரு நாளாகக் குறையுங்கள், இதற்குக் காசு வந்துவிடும். ஆக்‌ஷன் எல்லாம் காலையில் முதல் வேலை. 'லைட் போகுது, சீக்கிரம்' என்று சாயங்காலம் யாராவது சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கு மிச்சம் இருக்கிற ஆக்‌ஷனைக் கட்டி வைத்துவிட்டு வசனம் எடுங்கள்.

ஹீரோ முரண்டு பிடித்தால், அவன் கணுக்கால் உடைந்தால் உங்கள் படம் எத்தனை வாரம் நிற்கும், அதற்குள் அவன் தாடிக் கன்டினியுட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தாடி ஒரே மாதிரி இருப்பது, என்ன ஆகும் என்று கேளுங்கள். தைரியத்தைப் பற்றிப் பேசினால் வம்புக்கு வருவான், தாடியைப் பற்றிப் பேசினால் யோசிப்பான்.

ஆட்டுக்குட்டிக்கு வருகிறேன். எரிகிற குடிசைப் பக்கம் அதைக் கொண்டு போகக்கூடாது என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேறு எந்தக் காட்சியில் காட்டினாலும் இந்திய விலங்குகள் நல வாரியத்தில் ஷூட்டிங்குக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சென்சாரில் நிற்கும். சென்னையில் இருந்த அந்த அலுவலகம் இப்போது ஹரியானாவில் பல்லப்கரில் இருக்கிறது, அதற்கென்று நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆடு கத்துகிற சத்தத்தை மட்டும் டப்பிங்கில் போட்டுக்கொள்ளுங்கள். சத்தத்துக்கு அனுமதி தேவையில்லை.